சைபர் வந்த மத்தியானம்

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்குக் கிரிப்டோவில்தான் பணம் அனுப்புவான். அந்த டிஜிட்டல் காசை வாங்கி வைக்க ஒரு வாலட் திறந்து என் போனில் வைத்திருந்தேன். வந்ததை உடனே ரிங்கிட்டாக மாற்றி அம்மா கையில் கொடுத்துவிடுவதால் வாலட் எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். அதன் இருப்பு மாறினால் போனுக்குச் செய்தி அனுப்ப நானே கம்ப்யூட்டரில் ஒரு கோட் எழுதினேன்.

"ஆப்லயே தெரியுதுலா அக்கா, உனக்கு வேற வேலை இல்ல" என்று தம்பி கிண்டல் செய்தான்.

"ஆப் ரவுண்டு பண்ணித்தான்டா காட்டும். என் கோட் கடைசி நம்பர் வரைக்கும் காட்டும்" என்று பீற்றிக்கொண்டேன்.

அம்மாதான் கெடுத்தார். "எதுக்கு இவ்ளோ நீளம்? ரிங்கிட் கணக்கு மாதிரி வெள்ளியும் சென்னும் போதும்" என்றார். நானும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு வெட்டிவிட்டேன். தம்பிக்கு அதைச் சொல்லவில்லை.

அவன் கப்பல் போகும் பக்கம் புயல் என்று செய்தி வந்ததிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். ஏஜென்ட் ஆபீசில் "கவலப்படாதீங்க" என்பதோடு சரி. கிள்ளான் வீட்டில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் பிரிக்பீல்ட்சில் ஆபீசுக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போன் அதிர்ந்தது. 'இருப்பு மாறியது: 0.00.' மாறிவிட்டதாம், ஆனால் சைபராம். என் கோட்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. மடிக்கணினியைத் திறந்து, வெட்டச் சொன்ன வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

சைபர் இல்லை. புள்ளிக்குப் பின்னால் வரிசையாகச் சைபர்கள், அவற்றின் வாலில் பன்னிரண்டு இலக்கங்கள். அனுப்பியது தம்பியின் வாலட். ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாத காசு, இதை எதற்கு அனுப்பினான்? அந்தப் பன்னிரண்டில் முதல் இரண்டு ஒன்பது, ஒன்று. ஐயோ, இது இந்தியா போன் நம்பர். தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்குப் போன் போட்டுப் பழகிய எனக்கு இது தெரியாதா என்ன. பன்னிரண்டையும் போனில் அழுத்தினேன்.

"அக்கா, உன் கோட் வேலை செய்யுதுலா" என்றான் தம்பி.

"டேய் எருமை, எங்கடா போன?"

"போன் கடல்ல விழுந்துருச்சு. உங்க யார் நம்பரும் ஞாபகம் இல்ல. வாலட்டத் திறக்கிற பன்னெண்டு வார்த்தை மட்டுந்தான் மனப்பாடம். இது கூட வேலை செய்ற இந்தியாக்காரர் போன். வாலட்டுல உன் கணக்கு இருந்துச்சு, அதுக்கு அவர் நம்பரையே காசா அனுப்பினேன்."

"பன்னெண்டு வார்த்தை தெரியுது, அம்மா நம்பர் தெரியலயா?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தே தாரிக்கோடு வந்த கடைக்காரர் பயந்துபோய், "என்ன அக்கா ஆச்சு?" என்றார். "என் தம்பி, அண்ணே. என் தம்பி" என்று அழுதுகொண்டே சிரித்தேன்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, தம்பி அனுப்பியிருக்கான்."

"அவனேவா?"

"அவனேதான். இப்பதான் பேசினேன். நல்லா இருக்கான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பழக்கதோஷத்தில் கேட்டார்.

"எவ்ளோ வந்திருக்கு?"

"ஒண்ணுமே இல்லம்மா. சைபர்."

"அது போதும்லா" என்றார் அம்மா.