உப்புத் தண்ணீரில் எரியாத கால்

சபையாரே, போன கோடையில் என் வலது கால் அழுகிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். தூத்துக்குடியில் லாரி டிரைவர். உப்பளத்தில் லோடு ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவேன். எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நடை போனால் நடைக்குக் காசு, சாப்பாட்டுக்குப் படி, அவ்வளவுதான். துறைமுக வாசலில் வரிசையில் பகல் முழுக்கக் கிடந்தாலும் அது கணக்கில் சேராது. லாரி டிரைவரா, நல்ல வருமானமாச்சே என்பார்கள். வண்டி உருளும்போது மட்டும்தான் வருமானம். காய்ச்சல் என்று படுத்தால் மனைவி செல்வியும் இரண்டு பிள்ளைகளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேபினுக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. சோறு போடுகிற இடம் அல்லவா, கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். என் வண்டி பழசு. எஞ்சின் சூடு தகரம் வழியாகப் பாதத்துக்கு வரும். அதில் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகிவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவேன்.

முதலில் தாங்க முடியாத வலி. பிரேக்கை மிதித்தால் உயிர் போய் வரும். டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்பார், நடை போய்விடும். அதனால் உபவாச ஜெபத்தில் முழங்காலிட்டு, “ஆண்டவரே, இந்த வலியை எடுத்துப்போடும்” என்று அழுதேன். சில நாளில் வலி நின்றது. இதே இடத்தில் நின்று சாட்சி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். செல்வி மட்டும் தட்டவில்லை.

“புண்ணு அப்படியேதான இருக்கு? வலி மட்டும் எங்க போச்சி?” என்றாள் வீட்டுக்கு வந்து. விசுவாசம் இல்லாதவள் என்று அவளைத் திட்டினேன்.

அடுத்த வாரம் உப்பளத்தில் லோடு ஏற்ற வண்டியை நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு இறங்கினேன். கால் வழுக்கி, உப்பு விளைகிற பாத்தித் தண்ணீரில் விழுந்தது. புண்ணில் சுற்றியிருந்த துணிக்கட்டு அவிழ்ந்து புண் முழுக்க உப்புத் தண்ணீர். நான் காலை உதறிவிட்டு நடந்தேன். உப்புக் கூடை சுமக்கிற மாரியம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

“அண்ணாச்சி, எரியலையா?”

“இல்லயே. ஆண்டவர் கிருபை.”

அவர் முகம் மாறிவிட்டது. “எரியணும் அண்ணாச்சி. கையில ஒரு கீறல் இருந்தாலே எங்களுக்கு உசிரு போவுது. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் எரியாம இருந்துச்சு. காலை எடுத்தாவ. அப்புறம் ஆளும் போயிட்டாரு.”

நான் சிரித்து மழுப்பினேன். அவர் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். “ஏளா, ஒருத்தரும் ஏத்தாதீங்க. இவரு ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் வேல.” மற்றப் பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். லோடு ஏறினால்தான் அவர்களுக்கும் கூலி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். ஒருத்தியும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் போனேன்.

அன்றைக்கே மூன்று விரல்களை எடுத்தார்கள். சர்க்கரையில் நரம்பு செத்ததால்தான் வலி தெரியவில்லை, அழுகல் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். நான் கேட்ட ஜெபமே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. “ஆண்டவரே, வலியைக் கொடும்” என்று மாற்றிக் கேட்டேன்.

பல நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் காலையில், கட்டு மாற்றுகிற நர்ஸ் புண்ணின் குதிகால் பக்கத்து ஓரத்தைச் சுரண்டியதும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினேன். டாக்டர் வந்து பார்த்தார். “நல்லாக் கத்துங்க. இங்க நரம்பு உயிரோட இருக்கு. இனி மேல எடுக்க வேண்டியதிருக்காது” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கால் இருக்கிறது. லாரி இனி ஓட்ட முடியாது. ஒரு குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். முன்பு வாங்கியதில் பாதிகூட வராது. மூத்தவள் காலேஜை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். அவளுக்காகவும் ஜெபிக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் கேட்பதை நான் விடவில்லை. என் முதல் ஜெபத்துக்குப் பதிலாக ஆண்டவர் அனுப்பியது நம் சபைக்கு வராத ஒரு பெண்ணை. அந்த மாரியம்மாளைத்தான் நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். எந்த ஆள் மூலமாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வலி போய்விட்டது என்று சாட்சி சொல்ல ஒரு டிரைவர் இங்கே எழுந்து நின்றால், முதலில் அவனை உட்காரவைத்து அவன் காலைக் கழுவிப் பாருங்கள்.