முடுக்கினால் வரும் சத்தம்

என் கணவரின் அண்ணாவுக்கு நான் கார் ஓட்டுவது பிடிக்கவில்லை. அதை என்னிடம் நேரே சொல்லமாட்டார். ஒருநாள் நான் காபியோடு பக்கத்திலேயே நிற்கும்போது என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "காருக்குப் பின்னால ஒரு ஊளை கேக்கறது. எல்லாம் அவ கை வச்சப்புறம்தான். இந்த மாசத்தோட வித்துடலாம்."

அறுபதுகளில், பம்பாயில் எங்கள் மாட்டுங்கா கட்டிடத்தில் கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். கார் அண்ணாவுடையது, வயசான இங்கிலீஷ் வண்டி. அவர் ஆபீசுக்கு ரயிலில் போவார். என் கணவர் டிராம்பேக்கு ஆபீஸ் பஸ்ஸில் போவார். சும்மா நின்ற வண்டியை முப்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்று, செம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அதிலேயே வேலைக்குப் போய்வந்தேன். பஸ்ஸிலும் போகலாம், போயிருக்கிறேன். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சயானைத் தாண்டுகிற அந்த நேரம் மட்டும்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கோபம் ஒருபக்கம் இருக்க, அவர் சொன்னதை நான் பாதி நம்பிவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. என் பாதம்தான் அழுத்தத் தெரியாமல் அழுத்துகிறதோ என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஊளை நிற்கவில்லை.

கடைசியில் தாராவியில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், என் வயதுதான் இருக்கும். "எப்பம்மா சத்தம் வருது?" என்றார். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்பதை "ரேஸ் கொடுத்தால்" என்று பம்பாயே சொல்லும். தமிழரிடம் தமிழில்தான் பேசுவேன் என்பது என் வீம்பு. மாசாமாசம் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவள் ஆயிற்றே. "முடுக்கினா சத்தம் வரது" என்றேன். சரி என்று தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் போனால், பின்சக்கரம் இரண்டையும் கழற்றி வைத்திருக்கிறார். உள்ளே இருந்த பேரிங்குகள் மண்ணெண்ணெயில் குளித்து, நியூஸ்பேப்பர் மேல் காய்ந்துகொண்டிருந்தன. "ரெண்டுலயும் ஒண்ணுமில்லம்மா, ஏக்தம் நல்லாருக்கு" என்றார், பம்பாய் இந்தியையும் கலந்து.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முடுக்கினா வர சத்தத்துக்குச் சக்கரத்தைக் கழட்டுவாளா? உங்களுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா?" என்று பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "முடுக்குன்னா சத்தம் வருதுன்னுதான சொன்னிய? எங்கூர்ல முடுக்குன்னா சந்துல்லா. சந்துக்குள்ள திரும்பயில சத்தம்னா முதல்ல சக்கரத்தத்தான் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ரேஸ் குடுத்தா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க" என்றார். சக்கரங்களை மாட்டி, பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். "ஓட்டுங்க, நான் கேக்கேன்." சயான் பக்கம் நல்ல ரோட்டில் அழுத்தினேன், ஊளையிட்டது. காலை எடுத்தேன், அடங்கியது. மறுபடி அழுத்தச் சொன்னார். மறுபடி எடுக்கச் சொன்னார். "சக்கரமில்ல. இது டிப்ரன்சல்" என்றார் பின்னாலிருந்து.

பின்சக்கரங்களுக்கு நடுவில் உருண்டையாகத் தொங்குகிற இரும்புப் பெட்டிதான் அது. வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் ஒரு சக்கரம் மெதுவாகவும் போக அதுதான் இடம் கொடுக்கிறதாம். எங்கள் வீட்டிலும் ஒன்று மாட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தார்கள். குற்றம் யாருடையது என்று கண்ணால் பார்க்க அண்ணாவும் கிளம்பி வந்துவிட்டார். மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து, அந்தப் பெட்டியின் திருகாணியைக் கழற்றினார். எண்ணெய் தண்ணீர் மாதிரி கொட்டியது. இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், வெளியே வந்தார்.

"இங்க கட்டி எண்ணெய்லா ஊத்தணும். இது எஞ்சினுக்கு ஊத்துறது. அதான் இந்தப் பெட்டிக்குள்ள முன்பக்கத்து பேரிங் தேஞ்சிட்டு. ஓட்டுனவுக மேல தப்பே இல்ல. யாரு ஊத்துனது?"

வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவது அண்ணா மட்டும்தான். யாரையும் கிட்டே விடமாட்டார். இப்படி ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை வாரம் ஏங்கியிருந்தேன்! நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் என் பக்கம் பேசிக்கொண்டு நின்ற மனுஷரைத்தான் அன்றைக்கு நான் தமிழ் தெரியுமா என்று கேட்டிருந்தேன். வாய் எழவில்லை.

"நான்தான்" என்றார் அண்ணா, எல்லாருக்கும் கேட்கும்படி.

வேறு பேரிங் போட்டு, கட்டி எண்ணெய் ஊற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணா பஸ்ஸில்தான் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். அதுவரை நான் ஓட்டி அவர் வண்டியில் ஏறியதே இல்லை. மாட்டுங்கா வரை ஊளையும் இல்லை, பேச்சும் இல்லை. விற்கிற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

அண்ணா என்னிடம் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். நானும் அந்த மெக்கானிக்கிடம் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.