குளோரினுக்கு ஏழு

எங்கள் சித்திக்கு நான் இணைதிறன் சொல்லிக்கொடுத்த இருபது நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பத்தாவதில் அறிவியல் மட்டும் தவறி, அக்டோபரில் மறுபடி எழுதவிருந்தாள்.

கீழ்பென்னாத்தூரில் சொந்த வேன் வைத்திருந்த மாப்பிள்ளையின் வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண் பத்தாவது தேறினால் தை மாதம் கல்யாணம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று சித்தியை யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தி தேறினால் எனக்கு சைக்கிள் என்று அப்பா சொல்லியிருந்தார். என் கவலை அது.

வெளியாட்களிடம் வாய் திறக்காத பிள்ளை நான். சித்தியிடம் மட்டும் டீச்சர் ஆகிவிடுவேன். அப்பா செங்கம் சாலையில் டீக்கடை வைத்திருந்தார். லாட்ஜுகளுக்கு டீ கொண்டுபோகும் கம்பித் தூக்கில் எட்டு கிளாஸ் நிற்கும். அதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். சோடியத்துக்குப் பதினொரு எலக்ட்ரான். முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, கடைசியில் ஒன்று. தூக்கில் ஒரே ஒரு கிளாஸ் இருந்தால் அதை யாரிடமாவது கொடுத்துவிடுவது சுலபம்; ஆகவே இணைதிறன் ஒன்று. குளோரினுக்கு இரண்டு, எட்டு, ஏழு. இன்னும் ஒரு கிளாஸ் வாங்கிவிட்டால் தூக்கு நிரம்பிவிடும். ஆகவே அதற்கும் இணைதிறன் ஒன்றுதான்.

“ஏழு” என்றாள் சித்தி.

“எத்தினி வாட்டி சொல்றது? எட்டுல ஏழு போனா எவ்ளோ?”

“ஒன்னு. ஆனா கையில ஏழு வச்சிக்கினு இருக்கறவனப் போயி ஒன்னுன்றியே, அவன் கோச்சிக்க மாட்டானா?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆர்கானுக்குப் போனோம். வெளிக்கூட்டில் எட்டும் இருப்பதால் அது யாரோடும் சேராது, இணைதிறன் பூஜ்ஜியம் என்றேன்.

“இத்தினி பேர்ல இது ஒன்னுதான்டி புத்திசாலி.”

“ஐயோ சித்தி, இதெல்லாம் பரீட்சையில எழுத முடியாது!”

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம். கடையில் எல்லோருக்கும் வேலை இருந்தது. கூட்டம் சற்று ஓய்ந்தபோது நான் ஒரு மூலையில் உட்கார்ந்து என் வீட்டுப்பாடத்தை எழுதினேன். கால்சியத்துக்கு இருபது எலக்ட்ரான். இரண்டு, எட்டு, பத்து என்று பிரித்தேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்தாள்.

“கடைசி கூட்டுல எட்டுக்கு மேல நிக்காதுடி. மூணாவதுல எட்டோட நிறுத்து. மிச்சம் ரெண்டு நாலாவதுக்குப் போவும். இணைதிறன் ரெண்டு.”

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கால்சியம் தெரிந்தவளுக்குக் குளோரின் எப்படித் தெரியாமல் போகும்? என்னை வெறுப்பேற்றுவதற்கென்றே இப்படிச் செய்கிறாள் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். “கூட்டத்துல இதுவேற” என்று அம்மா என் கையில் சர்க்கரை டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

தேர்வு முடிந்து வந்தவளை வாசலிலேயே மறித்தேன்.

“குளோரின் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“இன்னா எழுதின?”

“ஏழு. தள்ளு, பசிக்குது.”

அன்றைக்கு அவள் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

சித்தி தவறிவிட்டாள். கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளைக்குத் தை மாதம் வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. அம்மா புலம்பித் தீர்த்தாள். அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் சித்தியோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஏப்ரலில் அவள் மறுபடி எழுதினாள். இந்தத் தடவை பாடம் சொல்லித்தர மாட்டேன் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அவளும் கேட்கவில்லை. அறிவியலில் எண்பத்தொன்று வாங்கினாள். நான் அதுவரை எந்தப் பரீட்சையிலும் அவ்வளவு வாங்கியதில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது அவள் மண்டையில் மெதுவாகத்தான் இறங்கியிருக்கிறது என்று, டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சித்தி ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

“ஆமா, எல்லாம் பாப்பா சொல்லிக்குடுத்ததுதான்” என்று தலையாட்டினாள்.

அதையும் நான் நம்பினேன்.