வயிற்றைத் தடவினால் இருநூறு

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியான கிழமையில் நான் ஓர் அட்டவணை தொடங்கினேன். துறைமுகப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வாசலுக்கு வரும் எதையும் பதியாமல் உள்ளே விடக்கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலுக்கு அந்தக் கிழமை வந்துகொண்டிருந்தவை கதைகள்.

“இவருக்கு வயித்தில கான்சராம்” என்று அம்மா ஒரேயொரு ஆளுக்குத்தான் தொலைபேசியில் சொன்னார். பின்னேரத்துக்குள் விறாந்தையில் கதிரை போதவில்லை. வந்த ஒவ்வொருவரும் மூன்று பொருட்கள் கொண்டுவந்தார்கள்: ஒரு பால்மா டின், ஒரு பிஸ்கட் பக்கற், வயிற்றுப் புற்றுநோயால் செத்துப்போன ஒரு சொந்தக்காரர். முதல் இரண்டையும் அம்மா அலுமாரியில் அடுக்கினார். மூன்றாவதை நான் அட்டவணையில் அடுக்கினேன். நிரல்கள் ஐந்து: சொன்னவர், நோயாளி, எந்த உறுப்பு, எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தது, ஆதாரம்.

மூன்றாம் நிரல்தான் நிரம்ப மறுத்தது. தம்பலகாமத்திலிருந்து வந்த மாமி, தன் மைத்துனர் மூன்றே மாதத்தில் முடிந்துபோனதாகச் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

“அவருக்கு எந்த உறுப்பு மாமி?”

“வயிறுதான் பிள்ளை.”

“வயித்துக்குள்ள எது? இரைப்பையா, ஈரலா, கணையமா, குடலா?”

“எல்லாம் ஒரே இடத்திலதானே கிடக்கு.”

“துறைமுகத்திலயும் இழுவைப் படகும் கோதுமைக் கப்பலும் ஒரே இடத்திலதான் கிடக்கு மாமி. ரெண்டையும் ஒரே சாமானோட போய்த் திருத்தேலாது.”

அம்மா குசினிக்குள் இருமினார். அது என்னை உள்ளே கூப்பிடும் இருமல்.

“வாற ஆக்களிட்ட விசாரணை வைக்காத. பாவங்கள், அழ வந்ததுகள்.”

“அழட்டும் அம்மா. உறுப்பைச் சொல்லிப்போட்டு அழட்டும்.”

நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. வயிற்றுக்குள் வருவது ஒரு நோய் அல்ல. கணையத்தில் வருவது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்து, பிந்தித்தான் தன்னைக் காட்டும். இரைப்பையில் வருவதன் போக்கு வேறு. குடலில் தொடங்கி ஈரலுக்குப் போனால் அது ஈரல் புற்றுநோய் ஆகிவிடாது. ஈரலில் குடியிருக்கும் குடல் புற்றுநோய்தான், மருந்தும் குடலுக்கு உரியதுதான். மாமியின் மைத்துனருக்கு என்ன நடந்தது என்பது அப்பாவுக்கு என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி அல்ல. இதை நான் அப்பாவுக்குக் கேட்கும்படியாகவே ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொன்னேன். ஏதோ ஒரு இலையை அவித்துக் குடித்துப் புற்றுநோய் சுகமான ஒரு பெண்ணைப் பற்றியும் கதை வந்தது. தொலைபேசி எண் வாங்கி விசாரித்தேன். அவருக்கு இருந்தது அல்சர்.

அப்பாவுக்கு வந்தது பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில், அதுவும் அதன் மேற்பக்கத்தில். மலத்தோடு இரத்தம் போவதை மூலம் என்று சொல்லி ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தார். பிறகு களைப்பு, பிறகு தளர்ந்துபோன பெல்ட். குழாய்க் கமரா விட்டுப் பார்த்து, சதைத்துண்டு எடுத்துச் சோதித்து, ஸ்கானும் முடிந்து சத்திரசிகிச்சை நிபுணர் எங்களைக் கூப்பிட்டபோது, நான் பதினேழு கேள்விகளோடு போனேன். அவர் பொறுமையானவர். கட்டி வேறிடம் போனதாகத் தெரியவில்லை என்றார். முதலில் வெளியூர் ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சை, கூடவே மாத்திரை. கட்டி சுருங்கிய பிறகு அதை வெட்டி எடுப்பது. வெட்டிப் பொருத்திய இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு வயிற்றில் ஒரு வாசல் திறந்து, மலம் ஒரு பைக்குள் போக விடுவது.

“பை தற்காலிகம்தான் எண்டு எதிர்பார்க்கிறம். ஆனா திறந்து பாக்காமல் சத்தியம் பண்ணேலாது,” என்றார். “வியாழக்கிழமை சம்மதம் சொன்னீங்கள் எண்டால் கதிர்ச் சிகிச்சைக்கு இடம் பிடிச்சிடலாம். தள்ளிப்போடுறது நல்லதில்ல.”

“பாப்பம் டொக்டர்,” என்றார் அப்பா.

அப்பா ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். ஒரு கோப்பை மறுக்காமலே நகரவிடாமல் வைத்திருக்கும் கலை அவருக்குக் கைவந்தது. ‘பாப்பம்’ என்பது அந்தக் கலையின் உச்சம். முச்சக்கரவண்டியில் வரும்போது கேட்டேன், பாப்பம். சாப்பிடும்போது அம்மா கேட்டார், பாப்பம். அவர் விளங்காமல் பயப்படுகிறார் என்று நான் முடிவுகட்டினேன். அன்றிரவே ஒரு தாளில் தெரிவுகள் நான்கையும் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நன்மை தீமை எழுதி, அவருடைய மேசையில் வைத்தேன்.

காலையில் அது தேநீர்க் கோப்பைக்குக் கீழே இருந்தது. சிவப்புப் பேனையால் குறிப்புகள்.

ஒன்றும் செய்யாமல் விடுதல்: ‘அடைப்பு வரும். ஏற்க முடியாது.’

மருந்து மட்டும்: ‘இவ்வகைக் கட்டிக்குப் போதாது என நிபுணர் கூறினார். தள்ளுபடி.’

நேரே சத்திரசிகிச்சை: ‘அதே இடத்தில் மீண்டும் வரும் வாய்ப்புக் கூட. தள்ளுபடி.’

கதிர்ச் சிகிச்சை, பிறகு சத்திரசிகிச்சை: ‘பொருத்தமானது. எனினும் பை குறித்து மேலதிக விளக்கம் தேவை.’

எல்லாம் விளங்கியிருந்தது. என் பதினேழு கேள்விகளில் நான் மறந்துபோன விடைகளைக்கூட எழுதியிருந்தார். நான் நீலப் பேனையால் பை பற்றிப் பதினொரு விளக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். பத்துக்குச் சரி போட்டு, ஒன்றைச் சுற்றி வட்டமிட்டுத் திருப்பினார். ‘மணம் வெளியே வராது’ என்ற வரி. பக்கத்தில் ஒரே சொல்: ‘ஆதாரம்?’

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுத் திரிந்தவள் நான். ஆகவே கோபப்பட எனக்கு உரிமை இல்லை. பை செய்யும் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தையும், ஆஸ்பத்திரி விடுதித் தாதி சொன்னதையும் இணைத்துச் சமர்ப்பித்தேன். சனிக்கிழமை காலை திரும்பி வந்தது.

‘முதலாவது, விற்பவரின் கூற்று. இரண்டாவது, இந்தத் தாதி ஒரே மேசையில் எதிரே மூன்று மணித்தியாலம் இருந்து பார்த்தவரா?’

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா பயந்தது கத்திக்கு அல்ல. அவர் நினைத்தது ஞாயிற்றுக்கிழமை மேசையை.

ஞாயிறு நான்கு மணிக்கு எங்கள் விறாந்தையில் முன்னூற்றிநான்கு நடக்கும். காசு வைக்காத கடதாசி விளையாட்டு. நான்கு பேர், இரண்டு சோடி. ஒரு பக்கம் ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டரும் பழைய சங்கக்கடை மனேஜரும். மறுபக்கம் அப்பாவும், மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டும் சிநேகிதர், நாங்கள் மூதூர் நானா என்று கூப்பிடுபவரும். சோடிகள் எதிரும் புதிருமாக இருப்பார்கள். கையில் நல்ல கடதாசி, முக்கியமாக இந்த ஆட்டத்தில் எல்லாவற்றிலும் பெரிய ஜாக், இருந்தால்தான் இருநூறு புள்ளி எடுப்பேன் என்று துணிந்து கேட்கலாம். கேட்ட அளவு எடுக்காவிட்டால் தோல்வி.

இங்கே நான் ஒரு முறைகேட்டைப் பதிவுசெய்ய வேண்டும். நானா அடிக்கடி இடது கையால் வயிற்றின் இடது பக்கத்தை மெல்லத் தடவுவார். அவர் தடவி ஒரு நிமிடத்துக்குள் அப்பா “இருநூறு” என்பார். இது சைகை என்று நான் கண்டுபிடித்து ஆறு வருடமாகிறது. தரக் கட்டுப்பாட்டில் இருப்பவளின் தகப்பன் கள்ள ஆட்டம் ஆடுவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அவர்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அதனால் முறையிடாமல் விட்டேன்.

அந்த ஞாயிறும் ஆட்டம் நடந்தது. யாரும் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடதாசி மேசையில் அதற்கு அனுமதி இல்லை. நான் தேநீர்த் தட்டோடு வந்தபோது அப்பா சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். மடித்து வைத்திருந்த அந்தத் தாளும் சேர்ந்து வந்து நானாவின் காலடியில் விழுந்தது. நானா எடுத்து, கையை நீட்டிப் பிடித்து வாசித்தார்.

“நானா, அது ஒபிஸ் கடதாசி.”

“நீங்க பென்சன் எடுத்து நாலு வருசம்.” நானா வாசித்து முடித்தார். “மூணு மணித்தியாலம் எதிர இருந்து பாத்தவரா… இத எழுதின ஆள் நீங்களா?”

அப்பா தன் கடதாசிகளை அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

“நான் உங்களுக்கு எதிர எவ்வளவு காலமா இரிக்கிறன்?”

“பத்து வருசம்.”

“கடைசி ஆறு வருசத்தில ஏதும் மணந்திச்சா?”

“மாஸ்டரிட சுருட்டு மணந்தது.”

“அதை விடுங்க.”

“இல்ல. ஏன்?”

நானா எழுந்தார். நான் வாசலில் நின்றதால் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டைக் கழற்றினார். அவருக்கு முன்னால் இருந்த மூன்று முகங்களைத்தான் நான் பார்த்தேன். மனேஜரின் கையிலிருந்த கடதாசிகள் முகம் மேலே பார்க்க மேசையில் விழுந்தன. அவற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் விறாந்தையில் அது முன்பு நடந்ததே இல்லை.

“எப்ப?” என்றார் அப்பா.

“மகளிட பிள்ளைப்பேறு பாக்கக் கொழும்புக்குப் போறன் எண்டு போனனே, அப்ப.”

“அப்ப அந்தப் பேரப்பிள்ளை?”

“அது அதுக்கு முந்தின வருசமே பிறந்திட்டு. உங்களிட்டச் சொல்ல மறந்திட்டன்.”

நானா பொத்தானைப் பூட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். அப்பா அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை, பழக்கத்தில், வயிற்றை ஒருமுறை தடவிவிட்டு மேசைக்கு வந்தது.

“நானா,” என்றார் அப்பா, மிக மெதுவாக. “நீங்கள் தடவுறது ஜாக் இருக்கெண்டு சொல்லுறதுக்கு இல்லையா?”

“என்ன ஜாக்?”

“கொழும்பால வந்த பிறகுதான் தடவத் தொடங்கினீங்கள். அங்க ஆரிட்டையோ பழகின சைகை எண்டு நினைச்சன். உங்களிட்ட ஜாக் இருக்கெண்டு நம்பி நான் எத்தினை தரம் இருநூறு கேட்டிருப்பன்.”

“பை நிறைஞ்சிட்டா எண்டு பாக்கிற நான். இருநூறு கேக்கிற ஆசை உங்களுக்குக் கூட எண்டு நினைச்சிட்டன்.”

“நாங்களும் சைகை எண்டுதான் நினைச்சம்,” என்றார் மாஸ்டர். “நானா தடவினா நானும் மனேஜரும் கேக்காமல் விட்டிடுவம். நல்ல கை கிடைச்ச நேரத்திலயும் விட்டிருக்கிறம்.”

“வெக்கம் கெட்டவங்கள்,” என்றார் நானா. “ஆறு வருசமா என்ர குடலைப் பாத்து விளையாடியிருக்கிறீங்க.”

முதலில் சிரித்தது அப்பா. சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார்; அழுகிறார் என்று நினைத்தாராம்.

அதன் பிறகு யாரும் கடதாசியைத் தொடவில்லை. அப்பா கேட்டார், நானா சொன்னார், நான் நீலப் பேனையால் எழுதினேன். பள்ளிவாசலுக்குப் போகலாமா? ஜும்மாவை விட்டதே இல்லை. கடலில் குளிக்கலாமா? கிழமைக்கு ஒருதரம். என்ன சாப்பிட்டால் பை காற்றில் ஊதும்? முட்டைக்கோவா, பயறு, சோடா. எப்படி யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தீர்கள்?

“இஞ்ச ஆருக்கும் வருத்தம் எண்டா வாற ஆக்களப் பாத்த நான்தானே,” என்றார் நானா. “எங்கட வீட்டில அத்தனை மா டின் வைக்க அலுமாரி இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “முதல் மாசம் நானும் அழுத நான். லோஞ்ச் சாவிய மகனிட்ட குடுத்திட்டன், இனி ஏலாது எண்டு. ரெண்டாம் மாசம் திருப்பி வாங்கிட்டன். அவன் மோசமா ஓட்டுறான்.” தாளை அப்பாவிடம் கொடுத்தார். “எனக்குக் கட்டி நல்லாக் கீழ. திரும்பப் பொருத்த ஏலாமப் போச்சு, இது மௌத்தாகும் மட்டும் இரிக்கும். உங்களுக்கு மேல எண்டு போட்டிரிக்கு. உங்கட பை சும்மா வந்து போற விருந்தாளி.”

என் அட்டவணையில் ஐந்து நிரலும் நிரம்பிய முதல் வரியை அன்று எழுதினேன். திங்கள் காலை, கோப்பைக்குக் கீழே தாள் இருந்தது. ‘ஆதாரம் நேரில் பார்வையிடப்பட்டது. அனுமதி.’ கீழே சுருக்கொப்பம், திகதி.

வியாழக்கிழமை சம்மதம் கொடுத்தோம். ஐந்து கிழமைக் கதிர்ச் சிகிச்சையில் களைப்பும், இருக்க முடியாத எரிச்சலும், ஓடி ஓடிக் கக்கூசுக்குப் போவதும் இருந்தன. அவற்றைவிட அந்த ஆஸ்பத்திரிப் படிவங்களின் அமைப்புத்தான் தன்னை வருத்தியதாக அப்பா சொல்கிறார். பிறகு காத்திருந்து சத்திரசிகிச்சை. பொருத்த முடிந்தது. பை வந்தது, வலது பக்கத்தில். எடுத்த நிணநீர்க் கணு ஒன்றில் நோய் இருந்ததால் இன்னும் சில மாதம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் பையை மூடுவார்கள், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பரிசோதனை. அப்பா ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை. திகதியைக் கேட்டார்.

வீடு வந்து மூன்றாம் ஞாயிறு, மேசை மறுபடி போடப்பட்டது. அப்பா மெலிந்திருந்தார், சாரம் இரண்டு சுற்று அதிகம் சுற்றியது. கடதாசி பகிர்ந்தார்கள். சிறிது நேரத்தில் அப்பாவின் வலது கை மெல்ல இறங்கி வயிற்றைத் தடவியது. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

“நானாவுக்கு இடப்பக்கம், இவருக்கு வலப்பக்கம்,” என்றார் மனேஜர் மாஸ்டரிடம். “நாங்கள் எதைப் பாத்து விளையாடுறது?”

“இருநூறு,” என்றார் நானா, நம்பிக்கையோடு.

படுமோசமாகத் தோற்றார்கள்.

“உங்களிட்ட ஜாக் இல்லையா?” என்றார் நானா.

“நான் பை நிறைஞ்சிட்டுதோ எண்டு பாத்தனான்,” என்றார் அப்பா.

பையை வெறுமையாக்கும் நேரங்களையும் நான் பதிந்து வருகிறேன். அன்று மூன்று ஐம்பதுக்கு வெறுமையாக்கினார். ஆட்டம் தொடங்கியது நான்கு மணிக்கு. அதையும் முறையிடாமல் விட்டு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.