பிரேக் பார்க்கும் கால்

கொட்டகைத் தரையில் கம்பளத் துண்டை விரித்து, அதில் மல்லாந்து படுத்து, காரின் அடிவயிற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மெரியல் ஸ்டெப்பிங்ஸ். ஒவ்வொரு வருஷமும் மார்ச் பதினாலாம் தேதி காலையில் இது நடக்கும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் சீட்டு அன்றோடு முடிகிறது. ஒரு மாதம் முன்கூட்டியே பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மெரியல் கடைசி நாளில்தான் போவாள். "நல்லா ஓடிட்டிருக்கிறத எதுக்கு அவசரப்பட்டுக் கொண்டுபோய்க் குறை கேட்டுட்டு வரணும்" என்பாள். இதே வார்த்தைகளை வேறு யாராவது தங்கள் காலைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

கால்தான் அவள் தொழில். ஹோல்பீச் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள சமவெளியில் வீடு வீடாகப் போய், குனிய முடியாதவர்களுக்கு நகம் வெட்டுவாள், கால் ஆணி எடுப்பாள், புண் கழுவிக் கட்டுவாள். முப்பது வருஷமாகிறது. ஆட்களின் பெயர் அவளுக்கு நிற்காது. "அந்த வளைஞ்ச சுண்டுவிரல் இருக்காரே, அவர் வீட்டுப் பூனை" என்றுதான் பேச்சு வரும். மீன் வறுவல் கடை வரிசையில் நின்றால் கண் தானாகக் கீழே போய்விடும். முன்னால் நிற்பவரின் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் யாராவது மருமகளைப் பற்றி ஆரம்பித்தால், "முதல்ல சாக்ஸக் கழட்டுங்க, கதைய அப்புறம் சொல்லலாம்" என்பாள்.

வார நாட்களில் அவள் ஓட்டுவது ஒரு வெள்ளை வேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தக் கார். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இரண்டு குளிர்காலம் கொட்டகையில் உட்கார்ந்து தானே பூட்டினாள். கணவன் போன பிறகு வந்த இரண்டு குளிர்காலங்கள் அவை. வெளிர்ப்பச்சை. கூரை கிடையாது, கதவு கிடையாது. மொத்த எடை ஒரு கறவை மாட்டைவிடக் குறைவு. தரைக்கு நாலு விரல் உயரத்தில் போகும். மழை பெய்தால் நனைவாள். அறுபதை நெருங்கிய ஒரு பெண் நனைந்துகொண்டே சிரித்த முகத்தோடு போவதைப் பார்த்து, தபால்காரர் அதற்குக் குளியல் தொட்டி என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

சீட்டு கிடைத்த நாலாம் நாள் அந்தத் தொட்டியில் ஏறி வேல்ஸ் போவாள். மேற்குக் கடலோரத்தில், குன்றின் மேல் ஒரு விடுதி. ஜன்னல் திறந்தால் தண்ணீர். நாலு நாள். வருஷத்தில் அவள் எடுக்கும் விடுமுறை அவ்வளவுதான்.

அன்று காலை மூடுபனி வயல்களை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தது. பீட்ரூட் வயல்களுக்கு அப்பால் நெவில் பிக்வொர்த்தின் பட்டறை. பரிசோதகரும் அவர்தான், முதலாளியும் அவர்தான், தேநீர் போடுவதும் அவர்தான். மலை மாதிரி மனிதர். பதினோரு வருஷமாக இந்தக் காரை அவர்தான் பார்க்கிறார்.

"வாங்க மேடம். தொட்டி இன்னும் உருளுதா?"

"அது உருளுது. நீங்க உள்ள நுழைவீங்களான்னுதான் சந்தேகம்."

"நான் எப்பவும் போலத்தான் இருக்கேன். உங்க காருதான் வருஷா வருஷம் சுருங்குது."

அந்தக் காரின் மிதிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கும். பட்டறை பூட்ஸோடு ஒன்றை மிதித்தால் பக்கத்து மிதியும் சேர்ந்து இறங்கும். அதனால் நெவில் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடு ஏறி ஓட்டிக்கொண்டுபோய் வண்டியைத் தூக்கும் மேடையில் நிறுத்துவார். மெரியல் தேநீர்க் கோப்பையோடு சுவரோரம் நிற்பாள். அடுத்த முக்கால் மணி நேரம் அது குடிக்காமலே ஆறும்.

விளக்கு, ஹாரன், டயர். பெல்ட்டைச் சுண்டி இழுத்தார். மேடையை உயர்த்தி, சாக்ஸ் காலோடே கீழே நின்று, கம்பியால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பினார். முன் வலது பக்கம் வந்ததும் கை நின்றது. திரும்ப நெம்பினார்.

"என்ன?"

"லேசா ஆட்டம் இருக்கு. தள்ளுபடி பண்ற அளவுக்கு இல்ல. சீட்டுல குறிச்சு வைக்கிறேன், சீக்கிரம் மாத்திடுங்க."

மெரியல் மூச்சை விட்டாள். விட்ட மூச்சோடு தலை குனிந்தது. கண் வழக்கம்போலத் தரைக்குப் போனது. சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறைக்குக் குறைவில்லை. ஆனால் மேடையிலிருந்து விளக்கு சுவிட்சுக்கும், அங்கிருந்து திரும்ப மேடைக்கும், ஒரு நாணயம் அளவு ஈரப்புள்ளிகள் வரிசையாகப் போயின. ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு. எண்ணெய் இல்லை. அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும்.

"நெவில், வலது காலைத் தூக்குங்க."

"பிரேக் ஒண்ணுதான் பாக்கி. இவ்வளவு தாழ்வான காருக்கு பிரேக் பாக்குற உருளை மெஷின் ஆகாது, ரோட்டுலதான் பாக்கணும். போயிட்டு வந்துடறேன்."

"முதல்ல சாக்ஸக் கழட்டுங்க."

அந்தக் குரலுக்கு யாரும் மறுத்ததில்லை. அவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கழற்றினார். குதிகாலில் ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் கறுத்து, பாதத்தின் மேல்வரை சிவப்பு ஏறியிருந்தது. நெவில் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார்.

"இது எப்போ வந்துச்சு?"

"நான் கேக்க வேண்டியது அது. சர்க்கரை இருக்கா?"

"கொஞ்சம் இருக்குன்னாங்க. மாத்திரை தந்தாங்க. வலியே இல்லையே மெரியல்."

அவள் கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். நுனியில் விறைப்பான நைலான் இழை. "கண்ண மூடிக்கோங்க. இது தொடறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

நெவில் கண்ணை மூடினார். பட்டறை அமைதியாயிற்று. தகரக் கூரையில் பனி சொட்டியது. பெருவிரலில் தொட்டாள். நடுவிரலடியில் தொட்டாள். பாதத்தின் உள்வளைவில், வெளியோரத்தில், புண்ணின் கரையில். இழை ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்தது. பத்து இடம் ஆயிற்று. அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல, கண்ணை இறுக்கிக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"சரி, ஆரம்பிங்க" என்றார்.

அவர் கண் திறந்தபோது அவள் இழையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பிரேக் பாக்காம சீட்டு தரமாட்டேன். பாத்துட்டே போவோம். பத்து நிமிஷம். நீங்க வேல்ஸ் போகணும்ல?"

"எந்தக் காலால பாப்பீங்க?"

அவர் தன் வலது காலைப் பார்த்தார். ஊரில் இருக்கும் வண்டிகளின் பிரேக்கையெல்லாம் அழுத்தி, பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்ன கால். முகத்தில் பயம் வந்தது அப்போதுதான். பரிசோதனைத் தாளை எடுத்து, 'முடிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மெரியலின் வேன் வீட்டில் நின்றது. நெவிலிடம் இருந்தது ஒரு லாரி; அதை ஓட்ட மெரியலுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் மூன்று மணி நேரம் என்றார்கள். பச்சைக் காருக்கு நள்ளிரவு வரை பழைய சீட்டு இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த ஃபிளாஸ்க்கையும் வரைபடப் பையையும் தூக்கிக் காலடியில் திணித்தாள். அந்த இருக்கையில் இதுவரை அவைதான் பயணம் செய்திருந்தன. சுத்தமான துண்டால் சுற்றிய காலோடு நெவில் அதற்குள் இறங்கியபோது கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, முனகி, ஏற்றுக்கொண்டது.

கால்வாய்க் கரையோரச் சாலை அலை அலையாக ஏறி இறங்கியது. அவ்வளவு தாழ்வில் உட்கார்ந்தவர்களுக்கு வயல் கண்மட்டத்தில் வந்தது; பூமியை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து யாரோ மெல்ல நகர்த்துவதுபோல இருந்தது. பனிக்குள்ளிருந்து அன்னங்கள் தெரிந்தன. முளைவிட்ட கோதுமையில் நூறு இருக்கும். கார் கடந்தபோது ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்து மறைந்தன. காற்று முகத்தில் ஈரத் துணிபோல ஒட்டியது.

"நான் இதை ஓட்டினதெல்லாம் பிரேக் போட்டு நிறுத்தத்தான்" என்றார் நெவில். "நிக்காம ஓடும்போது இப்படி இருக்கும்னு தெரியாது."

"நல்லா இருக்கா?"

"பல்லெல்லாம் ஆடுது. நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச தூரம் போனபின், "காலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார்.

மெரியல் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியாது நெவில். போன மாசமே பாத்திருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். நாளைக்குன்னா ஆமான்னு சொல்லியிருப்பேன். இன்னைக்குத் தெரியல."

அவர் தலையாட்டினார். முன் வலது பக்கத்திலிருந்து ஏதோ சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

குதிகாலுக்குள், பட்டறைத் தரையில் சிதறிக் கிடக்கும் இரும்புச் சுருளில் ஒன்று, நகத்துணுக்கு அளவு, இருந்தது. எலும்பைத் தொட்டிருந்தது. இரண்டு முறை அறுத்தார்கள். ஆறு வாரம் படுக்கை. கால் தப்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. பட்டறைக்கு வேறொரு பரிசோதகர் சம்பளத்துக்கு வந்தார். மே மாதம், முன் வலது மூட்டை மாற்றிய பின், பச்சைக் கார் அந்தப் புதியவர் கையால் தேறியது. வேல்ஸ் விடுதி அறையை மெரியல் ஏற்கெனவே ரத்து செய்திருந்தாள். அந்த வருஷம் அவள் கடலைப் பார்க்கவில்லை. இவையெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று பிற்பகல், சக்கர நாற்காலியில் நெவிலை வைத்துத் தாதி தள்ளிக்கொண்டு போனாள். நாற்காலியில் போய்க்கொண்டே அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். கதவு மூடியது. மெரியல் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாள். பனி விலகி, மெல்லிய வெயில் வந்திருந்தது. ஓட்டுநர் பக்கம் போனவள் நின்றாள். காரைச் சுற்றி மறுபக்கம் வந்து, நெவில் உட்கார்ந்திருந்த இருக்கையில் மெல்ல இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததில்லை; மிதிகள் எட்டாத பக்கம் அது. பெல்ட்டை இழுத்து, தோளுக்குக் குறுக்கே போட்டு, பூட்டிக்கொண்டாள்.