பின் பிரேக்கை மிதித்தால் செத்துப்போகும் வண்டி

போன செவ்வாய்க்கிழமை காலை நடுரோட்டில் நின்றேன். எதிரே இருநூறு வாத்துகள்.

அறுப்பு முடிந்த வயல்களுக்கு வாத்துக்காரர்கள் மேய்க்க வருகிற சமயம் இது. திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் கிராமத்துப் பள்ளிக்கூடம் பைக்கில் பதினான்கு கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு வாய்க்கால் பாலம். அதில் ஏறி இறங்கும்போது வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. நிற்கத்தானே மிதித்தேன்? ஆனால் இன்ஜினும் சேர்ந்து நின்றது. ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை.

வாத்துகள் போய்விட்டன. நான் போகவில்லை.

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். வண்டியைத் தொடவே இல்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு, பேட்டரி போச்சு டீச்சர் என்றார்கள். எதை வைத்துச் சொன்னார்கள்? தெரியாது. நம் பக்கம் எந்த வண்டி நின்றாலும் பேட்டரி போச்சு என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டால் கடமை முடிந்தது, டீயும் ஆறாது.

நான் சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபியூஸ் போயிருந்தது. கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். என் வண்டி பேட்டரி கரண்டில் ஓடும் ரகம். அந்தத் துண்டு போனால் இன்ஜினும் போச்சு. பக்கத்திலேயே கம்பெனி வைத்திருந்த மாற்று ஃபியூஸ் இருந்தது. மாற்றினேன். மணி அடிக்கும் முன் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வண்டி என் கணவருடையது. மூன்று வருடமாக மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார். போகும்போது வண்டியைப் போர்வை போட்டு மூடி, வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் ஓடவிடச் சொன்னார். வெளிநாடு போனவர்களின் வண்டிக்கு எங்கள் ஊரில் இதுதான் விதி. தெருவுக்கு நாலு வண்டி இப்படிப் போர்வைக்குள் கிடக்கிறது. வாரம் ஒரு முறை உயிர் வரும், நின்ற இடத்திலேயே புகை விடும், மறுபடி போர்வைக்குள் போகும்.

நான் அந்தப் போர்வையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஆசையா? இல்லை. ஏழு மணி டவுன் பஸ் வருகிற நாளைவிட வராத நாள் அதிகம். அடுத்த பஸ் பத்துக்கு. பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. தாமதத்துக்கே என் லீவெல்லாம் கரைந்தது. நேரத்துக்கு வர முடியாவிட்டால் மாற்றல் கேட்டு எங்கேயாவது போய்விடுங்கள் என்று தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இந்த வண்டி இருப்பதால்தான் நான் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதன்கிழமை திரும்பும்போது அதே பாலம். எதிரே நெல் லாரி. பிரேக். ஃபியூஸ் காலி. டவுனுக்குத் தள்ளிக்கொண்டே போய் மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். என்ன கோளாறு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“வீட்ல ஆம்பளைங்கள அனுப்புங்க டீச்சர். அவங்கள்ட்ட சொல்லிக்கிறேன்.”

வீட்டு ஆம்பளை ஓமன்ல இருக்காரு, விசா எடுத்துத் தர்றீங்களா என்று கேட்டேன். அவர் ஒரு புது ஃபியூஸைப் போட்டு அனுப்பிவிட்டார். ஏன் போகிறது என்று தேடவே இல்லை.

வியாழக்கிழமை என் மூத்தார் வந்தார். கணவரின் அண்ணன், பக்கத்துக் கிராமத்தில் விவசாயம். விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. நான் சமையலறையில் இருந்தபோது, என்னைக் கேட்காமலே சீட்டைக் கழற்றி, ஃபியூஸை எடுத்து, அதன் இரண்டு காலிலும் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டார்.

“இனி போவவே போவாது.”

போகாதுதான். எப்படிப் போகும்?

எங்கள் பக்கத்து விவசாயிகளில் பாதிப் பேருக்கு இந்த வித்தை அத்துப்படி. குறுவைப் பயிருக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், ஃபியூஸ் போகும். அடுத்த தடவை இரண்டு இழைக்குப் பதில் நாலு இழை முறுக்குவார்கள். அதுவும் போனால் எட்டு. ஒருநாள் ஃபியூஸ் அப்படியே இருக்கும், மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருள், அதுதான் காயில், கருகிவிடும். உடனே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே மோட்டாரை வண்டியில் ஏற்றி, காயில் கட்ட திருவாரூருக்குக் கொண்டுபோவார்கள். மூத்தார் மூன்று முறை கொண்டுபோயிருக்கிறார். ஒரு முறைகூட அந்தக் கம்பிமேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பாலம். பிரேக். இன்ஜின் நிற்கவில்லை — சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினேன். பெட்ரோல் டேங்க் ஒரு முழம் தள்ளி இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஒருவர் மினி லாரியில் வண்டியை ஏற்றி வீட்டில் விட்டார். எனக்கு அரை நாள் லீவு. தலைமையாசிரியர் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறித்துவைத்தார். அவர் சிவப்பு மையை எடுத்தால்தான் எனக்குப் பயம்.

சாயந்திரம் மஸ்கட்டிலிருந்து போன். எனக்கு முன்பே அண்ணன் பேசிவிட்டிருக்கிறார். வண்டியில் கரண்ட் கோளாறு, தீப்பிடிக்கப் பார்த்தது, பெண்பிள்ளைக்கு ஆகாது, நானே எடுத்துக்கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்று. என் கணவர் நல்லவர். அண்ணன் சொன்னால் சரி என்பார், நான் சொன்னாலும் சரி என்பார். யார் முந்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“ஞாயித்துக்கெழம அண்ணன் வருவாரு, சாவிய குடுத்துரு. ஒனக்குத்தான் பஸ் இருக்குல்ல?”

பஸ் இருக்கிறது. பத்து மணிக்கு.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் என்மேல். எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துகிறவள் நான். ஃபியூஸ் ஏன் போகும் என்று போர்டில் படம் போட்டு விளக்குகிறேன், பரீட்சையில் கேள்வி கேட்டு மார்க் குறைக்கிறேன். சொந்த வண்டி நின்றால் மட்டும் டீக்கடைக்காரர், மெக்கானிக், மூத்தார் என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இல்லை?

சனிக்கிழமை காலை வண்டியை வாசலுக்குத் தள்ளினேன். செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு இண்டிகேட்டர் பல்பை இரண்டு ஒயரில் கட்டிச் செருகினேன். விஷயம் எளிது. எங்கேயாவது ஒயர் உரசி ஷார்ட் ஆனால், கரண்ட் முழுவதும் இந்த பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். பல்பு பளிச்சென்று எரியும், ஒயர் எரியாது.

சாவியைப் போட்டேன். பல்பில் லேசான சிவப்பு. ஹாரன், இண்டிகேட்டர், மீட்டர் லைட்... ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்தேன். ஒன்றும் இல்லை. பின் பிரேக்கை மிதித்தேன். கொஞ்சம் மங்கலாக எரிந்தது. பின்னால் பிரேக் லைட்டும் மங்கலாக. அது சரிதான், பேட்டரியின் வோல்டேஜை இரண்டும் பங்கு போடுகின்றன.

அப்போதுதான் பாலம் நினைவுக்கு வந்தது. மூன்று முறையும் பிரேக் மட்டும் இல்லை. குலுக்கலும் இருந்தது. பெடலை மிதித்தபடியே பின்பக்கத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன்.

பல்பு பளிச்சென்றது. பிரேக் லைட் அணைந்தது.

நான் பிடித்து ஆட்டியது எதை என்று பார்த்தேன். இரும்புக் கேரியர்.

நான் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன், கணவர் விமானம் ஏறிய புதிதில், போர்வையை விலக்கி இந்த வண்டியை எடுத்துப்போய் இரண்டு மாதம் வைத்திருந்தவர் மூத்தார்தான். நடவு நேரம். உர மூட்டை ஏற்ற வசதியாகப் பின்னால் ஒரு இரும்புக் கேரியரை அவரே வைத்து முடுக்கினார். கழற்றினேன். அதன் போல்ட்டுக்கு அடியில் பிரேக் லைட் ஒயர் நசுங்கிக் கிடந்தது. மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. குலுங்கும்போதெல்லாம் அது இரும்பில் பட்டிருக்கிறது. ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினேன். மூத்தார் சுற்றிய கம்பியால் வெந்துபோயிருந்த ஒயருக்குப் பதில் புது ஒயர் போட்டேன். புது ஃபியூஸ் மாட்டி, அந்தப் பாலத்தில் ஆறு முறை ஏறி இறங்கி ஆறு முறையும் பிரேக் அடித்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தார் வந்தார், ஒருவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து. வண்டியில் திரும்பிப் போகிற நினைப்பில் வந்தவரை விட்டுவிட்டு பைக் போய்விட்டது. சாவி என்றார். நான் கேரியரையும் நசுங்கின ஒயர்த் துண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

“மாமா, ஃபியூஸ் கெட்டுப்போகல. இங்க ஷார்ட் ஆவுது, ஆவுதுன்னு ரெண்டு நாளா அது சொல்லிச்சு. நீங்க அது வாயில கம்பிய சுத்துனீங்க.”

“ஒரு ஒயர ஒட்டிட்டு இம்புட்டுப் பேச்சா? சாவியக் குடும்மா.”

“தர மாட்டேன்.”

அவர் உடனே மஸ்கட்டுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். நான் காதில் வைத்தேன். வண்டி சரியாகிவிட்டது, நான்தான் சரிசெய்தேன், சாவி என்னிடம்தான் இருக்கும் என்றேன். அண்ணன் மனசு கஷ்டப்படுமே என்றார் என் கணவர். படட்டும் என்றேன்.  அப்புறம் அவருக்குள் இருந்த ஏசி மெக்கானிக் கேட்டார்: “எத்தன ஆம்ப்ஸ் ஃபியூஸ் போட்ட?”

“பழசு எத்தனயோ அத்தனதான்.”

“அப்ப சரி. நீயே ஓட்டு.”

இந்தப் பத்தியில் நான் கத்திக் கத்தி எழுதுகிறேன் என்று மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் வாராவாரம் கார்டு போடுகிறார். ஐயா, ஒரு வீட்டில் ஒரு பெண் எகிறினால் ஏன் எகிறுகிறாள் என்று யாராவது தேடுகிறார்களா? அவள் வாயை அடைக்கத் தோதான கம்பியைத்தான் தேடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் புகை வந்தால், வண்டி சரியில்லை என்கிறார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு நான் வகுப்பில் இருந்தேன்.

மூத்தாரா? கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டார். அவருக்குத்தான் பஸ் இருக்கிறதே.