நெஞ்சுவலிக்குப் பொறுப்பானவர்கள்

"இது பல் டாக்டரோட கிளச்," என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் பிரேக் அக்கா. பல் டாக்டர் அப்போதுதான் பாடம் முடிந்து இறங்கிப் போயிருந்தார். அவர் கிளச்சை விட்ட வேகத்தில் வண்டி தவளைபோலத் துள்ளியதாம். துள்ளல் நின்ற பிறகும் நெஞ்சில் இறுக்கம் நிற்கவில்லையாம். அடுத்த பாடம் எனக்கு. ஓட்டுநர் இருக்கையில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருபவர். அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. பெயர் அதனால் வந்தது. அவருக்கு வரும் ஒவ்வொரு நெஞ்சுவலிக்கும் ஓர் உரிமையாளர் இருப்பார். தோள்வரை ஏறுவது வங்கி மேலாளருடையது. அவர் ரவுண்டானாவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்பவர். மூச்சு வாங்குவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டு முணுமுணுக்கும் புதுப்பெண்ணுடையது. "நான் யாரையும் குறை சொல்லலம்மா. கத்துக்க வந்தவங்கதானே? ஆனா என் நெஞ்சுக்கு நான் பொறுப்பில்ல."

முடக்குவாதத்துக்கு மட்டும் அவரே பொறுப்பு. பல வருடப் பழக்கம். காலையில் விரல்கள் விரியாது. விரிந்தாலும், வளைவில் திரும்பும் பேருந்தில் நிற்பவர்கள்போல எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கதவை முழங்கையால் திறப்பார். பாதமும் வீங்குவதால், கணவரின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வருவார். பிரேக்கை மிதிக்கும்போது வலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "உயிர் பயத்தைவிட நல்ல தைலம் எது?" என்றார்.

அவருடைய மூட்டு டாக்டர் பலமுறை சொல்லிவிட்டாராம்: இந்த அழற்சி மூட்டோடு நிற்காது, ரத்தக் குழாய்களையும் கெடுக்கும், மற்றவர்களைவிட உங்களுக்கு மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம், இதயத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள். அக்காவுக்கு அதில் ஏக வருத்தம். "நான் காட்டினது முட்டியை. அவரு எதுக்கு நெஞ்சுக்குப் போறாரு? பஞ்சர் ஒட்டறவன் இன்ஜினைத் திறக்கலாமா?"

பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவர் கணவருக்கு மட்டும் பயம் உண்டு. மனைவியை இதய டாக்டரிடம் அழைத்துப்போகத் துணிவில்லாததால், அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்: நன்றாக ஓட்டுபவர்களை மட்டும் மனைவியிடம் அனுப்புவது. நன்றாக ஓட்டுபவர்கள் பயிற்சிப் பள்ளிக்கு வருவதில்லை என்பதுதான் அதில் இருந்த ஒரே சிக்கல். வருடக்கணக்கில் யார் யாரோ ஓட்டிய வண்டிகளில் தூங்கி வழிந்தபடி தேசம் தேசமாகப் போய்விட்டு வந்தவள் நான். "ஊர் சுத்தின பொண்ணு, ரோட்டைப் பார்த்து மிரளாது," என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் நகரவில்லை. பாராட்டு வரும் என்று அக்கா பக்கம் திரும்பினேன். அக்காவின் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. கை நெஞ்சில் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"பல் டாக்டராக்கா?"

"அது அப்பவே போயிடுச்சு. இது புதுசு. நீ ஏதாவது தப்பு பண்ணியா?"

"இல்லையே."

"கண்ணாடி பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"கியர் மாத்தறப்ப?"

"சரியாத்தான் மாத்தினேன்."

"அப்புறம் எதுக்குடி வலிக்குது?" குரலில் கோபம் இல்லை. "ஏதாவது ஒரு தப்பு பண்ணித் தொலையேன்! ஒரே ஒரு குலுக்கு குலுக்கேன்!"

வண்டியைக் கிளப்பி, கிளச்சைச் சட்டென்று விட்டேன். கார் குலுங்கி அணைந்தது. அக்கா கண்களை மூடி உள்ளே எதையோ கூர்ந்து கேட்டார்.

"வேணும்னு பண்ணினே. இது செல்லாது," என்றார். பிறகு சின்னக் குரலில் கேட்டார்: "அந்த மூட்டு டாக்டர் சொன்னது நெசமா இருக்குமோ?"

"இருக்கும்க்கா."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு விடு. இந்தத் தடவை கிளச்சை ஒழுங்கா விடு."

ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருந்தது. வாசலில் நின்று அவர் கணவருக்குப் போன் செய்தேன். "நல்லா ஓட்டற பொண்ணாப் பார்த்துத்தானே அனுப்பினேன்!" என்று அழுதார் அவர்.

அதற்குள் ஓர் ஊழியர் அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வேகமாகத் தள்ளத் தொடங்கியிருந்தார். நான் பின்னால் ஓடினேன். ஈசிஜி அறைக்கு நடைபாதையின் கோடியில் திரும்ப வேண்டும். எதிரே ஒரு ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டிருந்தது. அக்கா நெஞ்சிலிருந்த கையை எடுத்தார். முழுதாக விரியாத விரல்களோடு அதைப் பக்கவாட்டில் நீட்டி, தான் திரும்பப் போவதாக ஸ்ட்ரெச்சருக்குச் சைகை காட்டினார்.